மூளைக்குள் வயர் வைத்தால் அப்பா பழையபடி நடப்பாரா?

கேள்வி: வணக்கம் டொக்டர். அப்பாவுக்கு 63 வயது. ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய். சிண்டோபா குளிசை ஒரு நாளைக்கு ஐந்து தரம் போடுகிறார். போட்டு இரண்டரை மணித்தியாலத்தில் அதன் வேலை முடிந்து, கால் நிலத்தோடு ஒட்டிப்போகிறது. மூளைக்குள் வயர் வைத்தால் அறுந்த நரம்புத் தொடர்பெல்லாம் திரும்ப வரும் என்று கனடாவிலிருக்கும் அண்ணா சொல்கிறார். உண்மையா? 2009இல் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று அப்பாவின் தொடையில் இன்னும் கிடக்கிறது. அது தடையா?
– வாசகி, தருமபுரம்

பதில்: அண்ணா சொன்னதில் பாதி சரி. மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் விதம், வயரும் பற்றரியும் சேர்ந்த அந்தக் கருவியால் மாறுகிறது. ஆனால் செத்த கலங்கள் பிழைப்பதில்லை, அறுந்த நரம்பு முளைப்பதுமில்லை. இதற்குச் சாட்சி, கருவியை நிறுத்தினால் நடப்பதுதான்: நடுக்கம் சில நிமிடங்களிலேயே திரும்பிவிடும், இறுக்கமும் மந்தமும் அதன் பின்னால் வரும், நடைக் கோளாறு திரும்பச் சில மணித்தியாலம் எடுக்கும்.

அசைவுக்கான கட்டளை மூளையின் மேற்பட்டையிலிருந்து அடியிலுள்ள கருக்களுக்கு, அதாவது நரம்புக்கலத் திரள்களுக்குப் போய், மூளையின் நடுவிலுள்ள தலமஸ் என்ற பகுதி வழியாக மேலே திரும்பும். பார்க்கின்சன் நோயில் டோபமின் என்ற மூளை இரசாயனம் குறைந்தால் இந்தச் சுற்றிலுள்ள கலங்கள் செக்கனுக்கு 13 முதல் 30 தரம் என்ற தாளத்தில் ஒன்றாகத் துடிக்கத் தொடங்கும். திருவிழா லவுட்ஸ்பீக்கர் அலறும்போது முற்றத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காதல்லவா, அப்படி ‘காலைத் தூக்கு’ என்ற கட்டளை அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். தலமஸுக்குக் கீழே சின்னக் கரு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதற்குள்தான் 1.27 மில்லிமீற்றர் தடிப்பான வயரை இறக்குவார்கள். நெஞ்சுத் தோலுக்குக் கீழே வைத்த பற்றரியிலிருந்து செக்கனுக்கு ஏறத்தாழ 130 மின்துடிப்புகள் போகும். ஒவ்வொன்றும் 60 மைக்குரோசெக்கன் அளவு. அந்த ஒற்றைத் தாளம் தளர, கட்டளைக்கு வழி கிடைக்கிறது.

அந்தச் சின்னக் கருவுக்குள்ளும் பங்கு பிரிப்பு உண்டு. மேல்-வெளிப்பக்கம் அசைவுக்கானது, கீழ்-உட்பக்கம் மனநிலையோடு தொடர்புள்ளது. அசைவைத் திட்டமிடும் மேற்பட்டைப் பகுதியோடு நன்றாகத் தொடர்புள்ள இடத்தில் மின்சாரம் விழுந்தவர்களுக்கே பலன் கூட என்று 2017இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மின்சாரம் இரண்டொரு மில்லிமீற்றர் வெளிப்பக்கம் கசிந்தால் நாக்குக் குழறும், முகம் இழுக்கும். பின்பக்கம் கசிந்தால் கை விறைக்கும். உட்பக்கம் கசிந்தால் பார்வை இரட்டையாகும். இவை பெரும்பாலும் அளவை மாற்றினால் அடங்கிவிடும்.

உங்கள் அப்பாவுக்குப் பலன் இருக்குமா என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே ஓரளவு சொல்லலாம். இரவு முழுக்கக் குளிசையில்லாமல், ஏறத்தாழ 12 மணித்தியாலம் கழித்து, காலையில் நடை, விரல் தட்டல், கதிரையிலிருந்து எழும்பல் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவார்கள். பிறகு வழமையை விடக் கொஞ்சம் கூடக் குளிசை கொடுத்து, அது வேலை செய்யும்போது திரும்பப் பார்ப்பார்கள். மூன்றில் ஒரு பங்காவது முன்னேற்றம் வேண்டும். குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் அப்பா எப்படி நடக்கிறாரோ, வயரும் ஏறத்தாழ அதைத்தான் தரும். கூடக் கிடைப்பது அந்த நல்ல நேரம் நீள்வதுதான். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு, குளிசைக்கு மசியாத நடுக்கமும் வயருக்கு அடங்கலாம்.

ஆகவே கால் ஒட்டுவது எந்த நேரத்தில் என்று கவனியுங்கள். குளிசை இறங்கும் நேரத்தில் மட்டும் என்றால் நம்பிக்கை வைக்கலாம். நன்றாக வேலை செய்யும்போதும் ஒட்டுகிறது, விழுகிறார், ஞாபகம் தடுமாறுகிறது என்றால் வயரால் அவை தீராது. பேச்சும் ஞாபகமும் மோசமாகவும் கூடும். ஒரு கிழமைக்குக் கொப்பியில் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் எழுதுங்கள்: குளிசை, சாப்பாடு, நடை. நல்ல நேரம் ஒன்றையும் கெட்ட நேரம் ஒன்றையும் போனில் வீடியோ எடுங்கள்.

செல் துண்டு பற்றிக் கேட்டது மிக நல்லது. வயர் இறக்கும் இடத்தைத் திட்டமிட எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பார்கள், அதன் காந்தம் இரும்புத் துண்டை இழுக்கக்கூடும். வன்னியில் எம்.ஆர்.ஐ. எடுக்க முன் எல்லாரும் கேட்கவேண்டிய கேள்வி இது. தொடைத் தசையில் இத்தனை வருடமாகத் தழும்புக்குள் இறுகிய துண்டு பெரும்பாலும் தடையாகாது. கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து. அப்பாவுக்குத் தெரியாமலே வேறு துண்டுகள் இருக்கலாம், முதலில் எக்ஸ்ரே எடுத்துக் கதிரியக்க வைத்தியரிடம் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. முடியாது என்றானாலும் சி.ரி. ஸ்கானை வைத்துத் திட்டமிடும் வழி உண்டு.

வீட்டில் பேசவேண்டியவை இன்னும் சில. மூளையில் இரத்தக்கசிவு நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். பற்றரி இடத்தில் கிருமித்தொற்று அதைவிடக் கொஞ்சம் கூட. வயர் வைத்த உடனே வேலை முடிவதில்லை: அளவு சரிசெய்ய முதல் ஆறு மாதம் திரும்பத் திரும்பப் போகவேண்டும், கிளிநொச்சியிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். யார் கூட்டிப்போவது? சாதாரண பற்றரி மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்றவேண்டும், அந்தச் செலவு யாருடையது என்று அண்ணாவிடம் இப்போதே கேளுங்கள். பிசியோதெரபியில் டயதேர்மி என்ற, கருவியால் உடம்புக்குள் ஏற்றும் சூட்டை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. வயர் சூடாகி மூளையைச் சுட்டுவிடும்.

குளத்தில் குளிக்கிறவரானால் இன்னுமொன்று. கருவி வைத்தபின் நன்றாக நடந்தும் நீச்சல் மட்டும் மறந்துபோன ஒன்பது பேரைப் பற்றி சூரிச் மருத்துவர்கள் 2019இல் எழுதினார்கள். கைகாலை ஒன்றிணைக்கும் சுற்றும் மாறிவிடுவதாலோ என்று சந்தேகம். ஆழத்துக்குத் தனியே விடாதீர்கள்.

இப்போதைக்கு, குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் கொடுங்கள். மீனும் பருப்பும் பாலும் அதை உடம்பில் சேரவிடாமல் போட்டி போடும், மலச்சிக்கலும் தாமதமாக்கும். நேரத்தைக் கிட்டக்கிட்ட மாற்றியே சிலருக்கு ஓரிரு வருடம் ஓடும். அந்தக் கொப்பியோடு நரம்பியல் கிளினிக்குக்குப் போங்கள்; அதுவரை குளிசையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், திடீரென்று விட்டால் உடம்பு இறுகிக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும்.