வாசகர் கேள்வி – பதில்: ஞாயிறு யாருக்குக் கிழமை?

'ஞாயிற்றுக்கிழமை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன?' என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பதில்களை எதிர்பார்த்திருந்த எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி, கேள்விகளாகவே இருந்தன. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளியில் படிக்கும் என் மகள், 'தமிழ்க் கவிதையில் ஞாயிறு என்று தேடினால் சூரியன்தான் வருகிறது. லீவு நாள் எங்கே அம்மா?' என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, செம்பூர்

உங்கள் மகள் சரியாகத்தான் தேடியிருக்கிறாள். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் திங்களுக்கு அடுத்தபடியாக 'ஞாயிறு போற்றுதும் ஞாயிறு போற்றுதும்' என்று இளங்கோவடிகள் வாழ்த்துவது வானத்துச் சூரியனை. பாரதி தம் வசன கவிதையில் 'ஞாயிறே, இருளை என்ன செய்துவிட்டாய்?' என்று விசாரிப்பதும் அதே சூரியனைத்தான். கிழமைகள் நம் புலவர்களுக்குத் தெரியாமல் இல்லை. மதுரை எரியப்போகும் நாளைக் குறிக்கும்போது 'வெள்ளி வாரத்து' என்று கிழமை சொல்லும் காப்பியமும் சிலப்பதிகாரமே. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோளறு பதிகத்தில் 'ஞாயிறு திங்கள் செவ்வாய் புதன் வியாழம் வெள்ளி சனி' என்று பாடும்போது, அவர் எண்ணுவது கோள்களையே என்றாலும், வரிசை நாம் இன்று நாட்காட்டியில் பார்க்கும் வரிசைதான்.

இன்னொரு செய்தியையும் அவளிடம் சொல்லுங்கள். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'மேஷ நாயற்று', 'கும்ப நாயற்று' என்ற தொடர்கள் அடிக்கடி வரும். நாயிறு என்பது ஞாயிறுதான். அங்கே அதற்குப் பொருள், சூரியன் அந்த இராசியில் நிற்கும் மாதம். திங்கள் என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் கிழமையையும் குறிப்பது போலவே, ஞாயிறும் ஒரு காலத்தில் மூன்று வேலை பார்த்திருக்கிறது. இன்று ஒரு வேலை குறைந்துவிட்டது.

கிழமை என்ற சொல்லையும் விடவேண்டாம். அதன் பொருள் உரிமை. 'பழைமை எனப்படுவது யாதெனின் யாதும் கிழமையைக் கீழ்ந்திடா நட்பு' என்ற குறளில் நண்பர் உரிமையோடு செய்வதைத்தான் வள்ளுவர் கிழமை என்கிறார். ஆக, ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். அது நமக்கு உரிய நாளாக மாறியது மிகப் பிற்பட்ட கதை. பழைய கவிதையில் விடுமுறை இல்லாததற்குக் காரணமும் அதுவே. உழவுக்குக் கிழமைக் கணக்கு கிடையாது. மழைக்கும் அறுவடைக்கும் தக்கபடி வேலை கூடும், குறையும். கைவினைஞர்கள் ஓய்வெடுத்தது அமாவாசையன்று. அன்று உளியைத் தொடாத தச்சர்கள் ஊரில் இன்றும் உண்டு. உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் சூரியனின் நாளன்று நகரத்தார் ஓய்வெடுக்க வேண்டும் என்று ஆணையிட்டபோதுகூட, விதைக்கும் பருவம் தவறிவிடக்கூடாது என்று உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தான். ஞாயிறு விடுமுறை பிறவியிலேயே நகரத்துப் பிள்ளை. நம் பழங்கவிதையோ பெரும்பாலும் வயலிலும் காட்டிலும் கடற்கரையிலும் வளர்ந்தது.

ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரன் கொடுத்தது என்கிறார் என் நண்பர். இல்லை, நம் மும்பைத் தொழிலாளிகள் போராடி வாங்கியது என்கிறேன் நான். இருவருக்கும் டீ பந்தயம். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், தாராவி

டீயை உங்கள் நண்பர் வாங்கட்டும், ஆனால் அவருக்கும் அரைக் கோப்பை ஊற்றுங்கள். ஆங்கிலேய ஆட்சியில் அரசு அலுவலகங்கள் ஞாயிறன்று மூடியிருந்தது கிறித்தவ வழக்கத்தையொட்டி வந்ததுதான். ஆனால் அந்த விடுமுறை ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குத் தானாக வந்து சேரவில்லை.

அதைக் கேட்டு வாங்கியவர்களுள் முதன்மையானவர் நாராயண் மேகாஜி லோகண்டே. 1848-இல் பிறந்தவர், சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் தோழர், 'தீனபந்து' என்ற மராத்திய இதழை நடத்தியவர். அவர் 1884-இல் மும்பை ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டி, சுமார் 5,500 பேர் ஒப்பமிட்ட மனு ஒன்றைத் தயாரித்தார். அதில் இருந்த கோரிக்கைகளைப் படித்துப் பார்த்தால் அந்தக் காலத்து வாழ்க்கை கண்ணுக்குத் தெரியும். வாரத்தில் ஞாயிறு முழுநாள் ஓய்வு வேண்டும். நண்பகலில் அரை மணி நேரம் இடைவேளை வேண்டும். காலை ஆறரை மணிக்குத் தொடங்கும் வேலை பொழுது சாய்ந்ததும் நிற்க வேண்டும். சம்பளம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். மின்விளக்கு வராத அந்நாள் ஆலைகள் சூரியன் எழும்போது தொடங்கி, விழும்போது நின்றன. ஆகவே கோடையில் வேலைநேரம் தானாகவே நீண்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, ஞாயிறு மறைந்த பின்னும் வேலை கூடாது என்று அந்த மனுவின் இரண்டு கோரிக்கைகளைத் தமிழில் ஒரே சொல்லை வைத்து எழுதிவிடலாம். லோகண்டேக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இந்தச் சிலேடையை விட்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

ஆறு ஆண்டுகள் சென்றன. 1890 ஏப்ரலில் சுமார் 10,000 தொழிலாளர்கள் திரண்ட கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் எழுந்து பேசினார்கள். அதே ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி ஆலை முதலாளிகளின் சங்கம் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கியது. மறு ஆண்டு, 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வைச் சட்டமாகவே ஆக்கியது. லோகண்டே 1897-இல் காலமானார். 2005-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளிவந்தது. மராத்தியர் பலருக்குக் குலதெய்வமான ஜேஜுரி கண்டோபாவுக்கும் ஞாயிறே உகந்த நாள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த ஊரில் ஞாயிற்றுக்கு ஏற்கெனவே ஒரு மண்வாசனை இருந்தது புரியும்.

தாராவியில் உங்கள் தெருவில் பட்டறை நடத்துபவர்கள் இந்தச் சட்டத்தையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள் என்று நீங்கள் கடித ஓரத்தில் எழுதியிருந்ததையும் படித்தேன். ஆர்டர் நிறைந்திருக்கும் வாரத்தில் ஞாயிறும் தையல் இயந்திரம் ஓடுகிறது. அதை நானும் பார்த்திருக்கிறேன்; அந்தப் பந்தயத்தில் வெல்ல இன்னும் யாரும் டீ வைக்கவில்லை.

ஞாயிறு வாரத்தின் முதல் நாளா, கடைசி நாளா?
– ஒரு வாசகர், முலுண்ட்

முதல் நாள். சம்பந்தர் வரிசை அப்படி. உயிர்த்தெழுதலைச் சொல்லும் விவிலிய வசனத்தில் 'வாரத்தின் முதலாம் நாள்' என்பது ஞாயிறு. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் வார விடுமுறையை 'வாரத்தின் முதல் நாள்' என்றே குறித்தது. திங்களை முதலில் வைப்பது இன்றைய பன்னாட்டுத் தரநிலை; அலுவலகக் கணினி அதைப் பின்பற்றுகிறது, தினசரிக் காலண்டர் பின்பற்றவில்லை.

என் தந்தையார் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். நானும் என் பிள்ளைகளும் ஞாயிறன்று குளிக்கிறோம். ஞாயிறு எண்ணெய்க் குளியல் ஆகாது என்று ஊரிலிருந்து அத்தை போன் செய்யும்போதெல்லாம் சொல்கிறார்.
– ஒரு வாசகர், சயான் கோலிவாடா

'சனி நீராடு' என்ற ஆத்திசூடியை அத்தையும் படித்திருப்பார். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்பது பழைய வழக்கம். அந்த வழக்கம் உருவானபோது எட்டு மணி இரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் யாரும் இல்லை. நல்லெண்ணெயை உச்சியில் வைத்து அரை மணி ஊறி, சீயக்காய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மிளகு ரசம் சாப்பிட்டு, கண் சொருகித் தூங்குவதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். அந்தப் பகல் இந்த ஊரில் ஞாயிறன்றுதான் கிடைக்கிறது. சனியின் வேலையை ஞாயிறு எடுத்துச் செய்கிறது, அவ்வளவுதான். அத்தையிடம் விவாதிக்க வேண்டாம். சனிக்கிழமை என்று சொல்லிவிடுங்கள்.

திரைப்பாடல்களில் ஞாயிறு உண்டா? 'ஞாயிறு என்பது கண்ணாக' தவிர எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.
– ஒரு வாசகர், டோம்பிவிலி

1965-இல் வந்த 'காக்கும் கரங்கள்' படப் பாடல் அது. டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடியது. அங்கேயும் ஞாயிறு விடுமுறை இல்லை என்பதைக் கவனியுங்கள்: ஞாயிறு கண், திங்கள் பெண், செவ்வாய் கோவைப்பழம். செவ்வாய் என்பது கிழமையாகவும் சிவந்த வாயாகவும் பிரிந்து நிற்கும் இடம்தான் பாட்டின் சுவை. 1975-இல் 'அந்தரங்கம்' படத்துக்காகக் கமல்ஹாசன் பாடிய 'ஞாயிறு ஒளி மழையில்' பாட்டிலும் ஞாயிறு ஒளிதான். அதில் குளிக்க வருவது திங்கள். இளங்கோவடிகள் தொடங்கி வைத்த வேலையைத் திரைக்கவிஞர்கள் மெட்டில் தொடர்ந்திருக்கிறார்கள்.

விடுமுறை நாளாக, காதலியைச் சந்திக்கும் நாளாக ஞாயிறு ஒலிக்கும் பாட்டு வேண்டுமென்றால் இந்தி பக்கம் போகவேண்டும். 1947-இல் வந்த 'ஷெஹனாய்' படத்தின் 'ஆனா மேரி ஜான், சண்டே கே சண்டே', இசை சி.ராம்சந்திரா. ஞாயிறுதோறும் வந்துவிடு கண்ணே என்று துள்ளலாகக் கூப்பிடும் பாட்டு. ஆலைச் சங்கு ஆறு நாள் ஊதி, ஏழாம் நாள் ஊதாத ஊரில் மட்டுமே இப்படி ஒரு பல்லவி பிறக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். ராம்சந்திராவை நமக்கும் தெரியும். 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்தவர் அவரே.

உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் நாட்களை நினைவுகூர்ந்திருக்கிறீர்கள். 1987 ஜனவரி முதல் ஞாயிறு காலைகளில் இராமாயணம், பிறகு மகாபாரதம். ஆனால் மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு காத்திருப்பும் இருந்தது. ஞாயிறு மதியம், செவித்திறன் குறைந்தோருக்கான சைகைச் செய்தி முடிந்ததும், மாநில மொழிப்படம் ஒன்று வரும். எல்லா மொழிகளுக்கும் முறை சுற்றி வரவேண்டும் என்பதால் தமிழ்ப்படம் எப்போதோ ஒருமுறைதான் வரும். வருகிற அன்று, டிவி வைத்திருந்த வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளைத் தாண்டிக் குதித்துத்தான் உள்ளே போகவேண்டும். படம் பெரும்பாலும் விருது வாங்கிய படமாக, ஆகவே மெதுவாக நகரும். சண்டைக் காட்சி வரும் வரும் என்று காத்திருந்து நாங்கள் தூங்கிப்போவோம்.

நீங்கள் எல்லோரும் ஞாயிறு ஞாயிறு என்கிறீர்கள். எனக்கு ஏது ஞாயிறு? வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு அன்று லீவு. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். காலையில் பூரி, மதியம் மட்டன், கல்யாணிலிருந்து நாத்தனார் குடும்பம். மெகா பிளாக் போட்டால் மட்டும் அவர்கள் வரமாட்டார்கள். அன்று எனக்கு லீவு.
– ஒரு வாசகி, நெருள்

வந்த கடிதங்களில் இதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். மற்ற ஊர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: மும்பைப் புறநகர் இரயில்களில் தண்டவாளமும் மின்கம்பியும் பழுதுபார்க்க, கூட்டம் குறைந்த ஞாயிறு பகலில் சில மணி நேரம் சில தடங்களை நிறுத்திவைப்பார்கள், மத்திய இரயில்வேயில் அதற்கு மெகா பிளாக் என்றும் மேற்கு இரயில்வேயில் ஜம்போ பிளாக் என்றும் பெயர். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு நல்ல நேரம் பார்ப்பது பஞ்சாங்கத்தில் அல்ல, சனிக்கிழமைச் செய்தித்தாளில் வரும் பிளாக் அறிவிப்பில். ஊரே சலித்துக்கொள்ளும் அந்த அறிவிப்பை எதிர்பார்த்து ஒருவர் சனிக்கிழமை பேப்பரைப் பிரிக்கிறார் என்பது எனக்குப் புதிய செய்தி.

1890 கூட்டத்தில் இரண்டு பெண்கள் எழுந்து பேசியதை மேலே எழுதினேன். ஆலையில் அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு, வீட்டில் அவர்களுக்குக் கிடைத்ததா என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் யோசித்தேன். எந்தச் சட்டமும் சமையலறையைத் தொழிற்சாலையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் ஏழெட்டுத் தமிழ் வீடுகள் உண்டு. ஞாயிறு மாலை நாலரை மணிக்கு ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் அடுத்தது, பிறகு கீழ்வீட்டில். காலையில் ஊறப்போட்ட உளுந்தும் அரிசியும் திங்கள் முதல் வியாழன் வரைக்குமான இட்லியும் தோசையுமாக ஆகும் நேரம் அது. 'திருநாள் சந்தடியில் வெளியே புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று இராகுகாலத்துக்கு மனப்பாடம் செய்தோமே, அதில் ஞாயிறு கடைசியில் நிற்கும், நாலரையிலிருந்து ஆறு. அலுவலகம் போகிறவர்களுக்குத் திங்கட்கிழமை நினைப்பு வந்து வயிற்றைக் கலக்குவதும் சரியாக அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். கிரைண்டர் பக்கத்தில் நின்று, ஓரத்தில் ஒட்டிய மாவைக் கையால் வழித்து உள்ளே தள்ளிக்கொண்டிருப்பவரை எந்த இராகுவும் தொந்தரவு செய்வதில்லை. அவர் ஏற்கெனவே திங்கட்கிழமைக்குள் போய்விட்டார்.

உங்கள் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். வரும் ஞாயிறு மாவு அரைக்கும் பொறுப்பு என்னுடையது என்று முடிவாகியிருக்கிறது. உளுந்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்தவர்கள் எழுதலாம்.