கபரோனியில் கணக்கர் வேலை: நம்பிப் போகலாமா?

கேள்வி: போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் கணக்கர் வேலை வந்திருக்கிறது. சம்பளம் அந்நாட்டுப் பணமான பூலாவில். மக்கள், பொருளாதாரம் எல்லாம் எப்படி?

பதில்: போகலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த நிறுவனம் யாருக்குச் சரக்கு விற்கிறது என்று விசாரியுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

1966இல் சுதந்திரம் வாங்கியபோது உலகின் பரம ஏழை நாடுகளில் ஒன்று அது. மறு வருடமே ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. 1982இல் ஜ்வானெங் சுரங்கமும் சேர்ந்துகொண்டது. இந்தச் சுரங்கங்களில் அரசும் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனமும் பாதிக்குப் பாதி கூட்டு. அந்தக் காசு பெரும்பாலும் சாலை, பள்ளி, மருத்துவமனை என்று போனது. ஆப்பிரிக்காவில் இது அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை. பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எச்ஐவி இருக்கும் நாடு. 2002லேயே அரசு இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டது.

சிக்கலும் அதே வைரம்தான். ஏற்றுமதியில் சுமார் 80 சதவீதம் அதுவே. ஆய்வகத்தில் செய்த வைரம் மலிவாக வரவர, சுரங்க வைரத்துக்குக் கிராக்கி குறைந்தது. 2024இல் பொருளாதாரம் சுமார் 3 சதவீதம் சுருங்கியது. அந்த வருடத் தேர்தலில், சுதந்திரம் முதல் ஆண்ட கட்சி தோற்று டூமா போகோ அதிபரானார். சண்டை சச்சரவு எதுவுமில்லாமல் ஆட்சி கைமாறியது என்பது நல்ல அறிகுறி.

அங்கே பெரிய முதலாளியே அரசாங்கம்தான். அது கையை இறுக்கினால் ஒப்பந்தக்காரர்களின் பில் நிற்கும், கடைகளில் விற்பனை படுக்கும். மளிகை, மாவு விற்கிற நிறுவனம் என்றால் தாக்குப்பிடிக்கும். அரசு டெண்டரை நம்பி ஓடுகிறது என்றால், வரவேண்டிய பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கணக்கர் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பூலாவின் மதிப்பைத் தென்னாப்பிரிக்க ராண்டோடு ஓரளவு கட்டி வைத்திருக்கிறார்கள். ராண்ட் சரிந்தால் நீங்கள் ஊருக்கு அனுப்பும் தொகையும் குறையும்.

தமிழ்நாட்டைப் போல நாலு மடங்குக்கு மேல் பரப்பு; 2022 கணக்கெடுப்பில் மக்கள் சுமார் 23.6 லட்சம்தான். மேற்கே கலஹாரி பாலைவனம் என்பதால் பெரும்பாலோர் கிழக்கு ஓரத்தில் வாழ்கிறார்கள். ட்ஸ்வானா மக்களே பெரும்பான்மை. கலாங்கா, சான் மக்களும் உண்டு. அலுவலகத்தில் ஆங்கிலம் போதும். ஆனால் வேலையைச் சொல்லுமுன் ஆணிடம் ‘டுமேலா ரா’, பெண்ணிடம் ‘டுமேலா மா’ என்று வணக்கம் வைத்தே ஆக வேண்டும். நேரே விஷயத்துக்கு வந்தால் மரியாதை தெரியாதவர் என்பார்கள். கூட வேலை பார்ப்பவர் வெள்ளிக்கிழமை மாலை காணாமல் போனால், பட்டியில் இருக்கும் மாடுகளைப் பார்க்கப் போயிருப்பார். அப்புறம், புளித்த சோளக்கூழை அங்கே ‘டிங்’ என்பார்கள். நமக்கு ஒத்துப்போகும்.

வேலை அனுமதி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். உள்ளூரில் வேலையில்லாதவர்கள் நாலில் ஒருவருக்கும் மேல் என்பதால், இந்த வேலைக்கு வெளிநாட்டுக்காரர் எதற்கு என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். அனுமதியும் குடியிருப்பு உரிமமும் கைக்கு வந்த பிறகே இங்கே வேலையை விடுங்கள். ‘விசிட் விசாவில் வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொன்னால் டிக்கெட் போடாதீர்கள்.