ஜன்னல் மாற்றுவதற்கு 14,000 டாலர் கடன் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், 1950களில் கட்டப்பட்ட சொந்த வீட்டில் வசிக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்கு 58,000 டாலர். குளிர்காலத்தில் எரிவாயு பில் கட்டி மாளவில்லை. வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், எல்லா ஜன்னல்களையும் மாற்றினால் பில் பாதியாகிவிடும் என்று சொல்லி, 14,000 டாலர் தவணைக் கடனுக்குக் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். ஏற்கெனவே வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்ய மத்திய அரசின் விதி பொதுவாக இடம் தருகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் வருமானத்தில் இருப்பவர்களுக்கென்றே, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, மத்திய எரிசக்தித் துறையின் நிதியில் மாநிலங்கள் நடத்தும் வெதரைசேஷன் (குளிர் உள்ளே வராமலும் வெப்பம் வெளியே போகாமலும் வீட்டைச் சீரமைத்தல்) உதவித் திட்டம் இருக்கிறது. தகுதி பெற்றவர்களுக்கு வேலை இலவசமாகவே நடக்கும். திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அல்ல. குடும்ப வருமானம், மத்திய அரசு அறிவிக்கும் வறுமை வழிகாட்டித் தொகையின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. நான்கு பேர் குடும்பத்துக்கு 2025ஆம் ஆண்டின் தொகை 32,150 டாலர் என்பதால் அந்த ஆண்டின் வரம்பு 64,300 ஆக இருந்தது. நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். ஆனால் வரி பிடிப்பதற்கு முந்தைய வருமானத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். நீங்கள் எழுதிய 58,000 கைக்கு வரும் தொகை என்றால் மறுபடி கூட்டிப் பாருங்கள். பில் கட்ட உதவும் ஹீப் திட்டத்துக்கு ஓஹையோவில் வரம்பு அதே வழிகாட்டித் தொகையின் 175 சதவீதம்தான். அதில் விண்ணப்பம் தள்ளுபடியானதும் இதுவும் கிடைக்காது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

வெதரைசேஷன் திட்டத்தில் முதலில் நடப்பது, வெப்பம் எங்கே வீணாகிறது என்று வீட்டைச் சோதிக்கும் தணிக்கை. வாசற்கதவில் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது ஆட்டிக்குக்கு (கூரைக்கு அடியில் உள்ள பரண்) ஏறும் வழியை மூடும் பலகையின் விளிம்பிலும், பேஸ்மென்ட் (நிலத்தடி அறை) சுவரின் மேல் தரைக்கட்டைகள் உட்காரும் இடத்திலும் கையை வைத்தால், குளிர்காற்று உள்ளே பாய்வது தெரியும். பழைய வீடுகளில் பணம் பெரும்பாலும் இத்தகைய இடுக்குகள் வழியாகவும், இன்சுலேஷன் (வெப்பத்தைத் தடுக்கும் உறை) இல்லாத ஆட்டிக் வழியாகவுமே போகிறது. செய்யும் ஒவ்வொரு வேலையும் தன் ஆயுளுக்குள் செலவை மீட்டுத் தர வேண்டும் என்பது திட்டத்தின் கணக்கு. முழு வீட்டுக்கும் புது ஜன்னல் என்பது அந்தக் கணக்கில் தேறுவது அரிது. விற்பனையாளர் இதைச் சொல்லமாட்டார். வரிச்சலுகை கிடைக்கும் என்று அவர் சொல்லியிருந்தால், ஜன்னல் போன்ற வேலைகளுக்கான மத்திய அரசின் வரிக்கழிவு 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு சங்கடங்கள் உண்டு. கூரை ஒழுகினாலோ, பூஞ்சை படர்ந்திருந்தாலோ, மின்கம்பிகள் ஆபத்தான நிலையில் இருந்தாலோ, அவற்றைச் சரிசெய்யும் வரை வேலையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். கையில் சேமிப்பு இருந்தால் அதற்குச் செலவிடுங்கள். அடுத்தது காத்திருப்பு. முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை என்பதால், பிள்ளைகளின் வயதை விண்ணப்பத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். அதுவரை, ஆண்டுச் செலவைப் பன்னிரண்டு மாதங்களுக்கும் பிரித்துக் கட்டும் பட்ஜெட் பில்லிங் வசதியை எரிவாயு நிறுவனத்திடம் கேளுங்கள்.

வருமானச் சான்று, எரிவாயு மற்றும் மின் பில்கள், வீட்டின் உரிமை ஆவணம் ஆகியவற்றுடன் உங்கள் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வெதரைசேஷன் திட்டத்தை நடத்தும் அமைப்பிடம் விண்ணப்பியுங்கள். வேலை முடிந்து ஒரு குளிர்காலம் கழிந்த பிறகும் ஜன்னலோரம் குளிர் தாங்கவில்லை என்றால், எந்த ஜன்னல் என்று பார்த்து அதை மட்டும் மாற்றலாம்.