200 குதிரைத்திறனுக்குப் பெரிய டர்போ மட்டும் போதுமா?

காரைக்குடியில் ஓடும் 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் காரை 200 குதிரைத்திறனுக்கு ஏற்றக் கேட்டிருக்கிறீர்கள். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மட்டும் போதாது. ரொம்பப் பெரியதாக வாங்கினால் அது வேகம் பிடிக்கத் தாமதமாகும், கானாடுகாத்தான் தெருக்களில் அதன் பலனே தெரியாது. கம்ப்ரசர் மேப்பில் (டர்போ எவ்வளவு காற்றை எவ்வளவு அழுத்தத்தில் தரும் என்று காட்டும் வரைபடம்) உங்கள் காற்றளவு, ஓட்டம் நிலைகுலையும் எல்லையான சர்ஜ் கோட்டை ஒட்டாமல் நடுவில் விழவேண்டும்.

அப்புறம் பெட்ரோல், இதுதான் முக்கியம். முழு பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தத்தில்) காற்று-எரிபொருள் எடை விகிதம் 11.5 முதல் 12 வரை வேண்டும். போர்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்கு வெளியே, காற்று நுழையும் வழியில் பெட்ரோல் தெளிக்கும் முறை) என்றால், 4 இன்ஜெக்டரும் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதம் தாண்டாமலிருக்க ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 370 சிசி தரவேண்டும். பூஸ்ட் 1 பார் ஏறினால் எரிபொருள் அழுத்தமும் 1 பார் ஏறவேண்டும். அந்த அழுத்தத்தில் பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்து வாங்குங்கள். சித்திரை வெயிலில் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது) சீக்கிரம் வரும். டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலரும், காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சரும் இல்லாமல் டியூனிங் செய்யாதீர்கள்.