அஞ்சுக்கு ரெண்டு

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பாடம் நடக்கும்போதே பிள்ளைகளை மதிப்பிடுகிற வளரறி மதிப்பீட்டுக்காகச் செயல்பாடு, சிறுதேர்வு என்று வருஷம் முழுக்க நடத்துகிறோம். பதிவேட்டை நிரப்பி முடிக்க ராத்திரி பதினொரு மணி ஆகிறது. ஆனால் பிள்ளைகளிடம் மாற்றம் தெரியவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு பையன், 52-லிருந்து 27-ஐக் கழித்தால் 35 என்றே எழுதுகிறான். பத்து முறை போட்டுக் காட்டிவிட்டேன். அடிப்படையே இல்லாமல் வருகிறார்கள், நாங்கள் என்ன செய்வது? வாரம் ஒரு சிறுதேர்வை இரண்டாக்கினால் பலன் இருக்குமா? இதற்கு நல்ல செயலி ஏதாவது உண்டா? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியை இறக்கினேன். உள்ளே ஒரு கட்டு டெஸ்ட் பேப்பர். 90-களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப் பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுத்தபோது வைத்த தேர்வுகள். அதில் ஒரு தாள் இரண்டு நாளாக என் மேஜையிலேயே கிடக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

செயலி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சிறுதேர்வை இரண்டாக்க வேண்டாம்.

'அடிப்படையே இல்லாமல் வருகிறார்கள்' என்ற வாக்கியத்தை மட்டும் நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. ஆசிரியர்கள் அறையில் டீ குடிக்கிறபோது பத்துப் பேர் சொல்லலாம். நீங்கள் சொல்லாதீர்கள். அந்தப் பையன் என்ன செய்திருக்கிறான் என்று பாருங்கள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று. ஏழில் இரண்டு போனால் ஐந்து. 35. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான், ஒவ்வொரு வரிசையிலும், பிசகாமல். 'பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்' என்று இரண்டாம் வகுப்பில் நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை அடிப்படை இல்லாதவன் என்கிறீர்கள். பத்து முறை போட்டுக் காட்டினேன் என்கிறீர்கள். ஒரு முறையாவது அவனை வாய் திறக்க விட்டீர்களா?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷம் முழுக்க நானும் இதையேதான் செய்தேன்.

மேஜையில் கிடக்கிற தாள் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணுடையது. அவள் வீட்டில் இரண்டு மாடு. காலையில் ஆறு வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், சாயங்காலம் அதே பால் வாசனையோடு திண்ணைக்கு வருவாள். பின்னக் கூட்டல் வந்தால் ஒரே தப்பு. ½ + ⅓ = 2/5. மேலே இருக்கிற இரண்டையும் கூட்டுவாள், கீழே இருக்கிற இரண்டையும் கூட்டுவாள். நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் 'மீ.சி.ம. எடு' (மீச்சிறு பொது மடங்கு) என்று எழுதி, முட்டை போடுவேன். ஜூனில் போட்டேன், ஆகஸ்டில் போட்டேன், டிசம்பரிலும் போட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் கரண்ட் போய்விட்டது. மற்ற பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் அவளும் நானும்தான். வேறு வேலை இல்லாததால் கேட்டேன், "இதை எப்படிம்மா போட்டே?"

அவள் தயங்கவே இல்லை. "ரெண்டு மார்க் கேள்வியில ஒண்ணு வாங்கியிருக்கேன். மூணு மார்க் கேள்வியில ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு. நீங்களே அப்படித்தானே சார் கூட்டிப் போடுறீங்க?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். மேல் மூலையில் என் கையெழுத்தில்தான் இருந்தது. 1/2, 1/3, கீழே கோடு போட்டு 2/5.

அன்று எனக்கு வேர்த்துவிட்டது. என்ன சொல்வது என்று தெரியாமல் பாலைப் பற்றிக் கேட்டேன். "அரை லிட்டர் ஊத்துற வீட்டுல இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊத்தினா, அரை லிட்டரை விடக் குறையுமா?" குறையாது என்றாள். "ஒரு லிட்டர்ல அஞ்சுல ரெண்டு பங்கு எவ்வளவு?" விரல் விட்டு எண்ணினாள். 400 மில்லி. அரை லிட்டர் 500. கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், "அப்போ பால் வேற, மார்க் வேறயா சார்?"

வேறுதான். மதிப்பெண்ணைக் கூட்டும்போது இரண்டும் மூன்றும் சேர்ந்து முழுசே ஐந்தாக வளர்ந்துவிடுகிறது. பாலில் முழுசு கடைசி வரை அதே ஒரு லிட்டர்தான். பின்னத்தைப் பற்றி இதை விட நல்ல கேள்வியை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. ஜூனிலேயே கேட்டிருந்தால் அவளுக்கு எட்டு மாசம் மிச்சமாகியிருக்கும்.

உங்கள் பதிவேட்டிலும் அதே கூட்டல்தான் இருக்கிறது, டீச்சர். செயல்பாட்டில் 20-க்கு 15, சிறுதேர்வில் 20-க்கு 18, மொத்தம் 40-க்கு 33. 2012-13-இல் தமிழ்நாட்டில், வருஷத்தை மூன்றாகப் பிரிக்கிற முப்பருவ முறையோடு இந்த மதிப்பீடு எட்டாம் வகுப்பு வரை வந்தது. வளரறிக்கு 40, பருவக் கடைசிப் பரீட்சையான தொகுத்தறிக்கு 60. வளரறி என்பது எவ்வளவு நல்ல சொல்! வளர்ந்துகொண்டிருக்கும்போதே அறிவது. அதற்கு 40 மதிப்பெண் என்று ஒதுக்கிய அன்றைக்கே அதுவும் இன்னொரு பரீட்சையாகிவிட்டது என்பது என் கட்சி. 1998-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் இருநூற்றைம்பது ஆய்வுகளைப் போலப் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னதும், பிள்ளையிடமிருந்து தெரிந்துகொண்டதை வைத்து ஆசிரியர் தன் பாடத்தை மாற்றினால்தான் அது வளரறி மதிப்பீடு என்பதே. நாளைக்கு நீங்கள் நடத்தப்போகிற பாடம் மாறவில்லையென்றால், இன்றைக்கு வைத்த தேர்வால் யாருக்கும் லாபமில்லை.

மதிப்பெண் போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதுகிறோமே என்பீர்கள். நானும் எழுதினேன், 'மீ.சி.ம. எடு' என்று. இஸ்ரேலில் ரூத் பட்லர் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்து 1988-இல் வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பிள்ளையின் கண் முதலில் எண்ணுக்குத்தான் போகிறது. பக்கத்துத் தாளிலும் எண்ணைத்தான் தேடுகிறது.

நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கவலையே படவில்லை. எனக்கு அவர்களைப் பற்றித்தான் பயம் அதிகம். 1973-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், பென்னி என்று பெயர் வைத்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். தேர்வுக்கு மேல் தேர்வாகத் தாண்டி வந்தவன், கணக்கில் கெட்டிக்காரன் என்று டீச்சரிடம் பெயர் வாங்கியவன். உட்கார வைத்துப் பேசினால், 2/10-ஐத் தசமத்தில் 1.2 என்கிறான். இரண்டையும் பத்தையும் கூட்டிப் பன்னிரண்டு, நடுவில் ஒரு புள்ளி. 4/11-உம் 1.5, 11/4-உம் 1.5. ஆண்டுக்கணக்காகத் தேர்வு எழுதியும் எந்தத் தாளும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிப் போட்டாய் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

பதிவேட்டை நிரப்பித்தான் ஆகவேண்டும், அது எனக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிற உங்களை நினைத்தால் கஷ்டமாகவும் இருக்கிறது. எண்ணைப் பதிவேட்டில் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் போகிற தாளில் வேண்டாம். எல்லாத் தாளையும் திருத்தாதீர்கள். ஒரே மாதிரித் தப்பு நான்கு தாளில் இருந்தால் அந்த நான்கு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள், பத்து நிமிஷம் போதும். தப்பை அழிரப்பரால் அழிக்க மட்டும் விடாதீர்கள். அது அழிந்தால் உங்களுக்குக் கிடைத்த ஒரே தடயமும் போய்விடும்.

அந்த 52-27 பையனை நாளைக்குக் கூப்பிடுங்கள். கையில் ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கொடுத்து, எனக்கு 27 ரூபாய் தா என்று கேளுங்கள். காசு பத்தவில்லை என்று நோட்டை மாற்றக் கேட்பான். மாற்றிக் கொடுங்கள். 27 ரூபாயைத் தந்து முடித்ததும் கையில் மிச்சமிருப்பதை எண்ணச் சொல்லி, அவன் எழுதின 35-ஐப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். அவன் என்ன சொன்னான் என்பதை, அவன் சொன்ன வார்த்தையிலேயே எனக்கு எழுதுங்கள்.