குவாண்டம் பயத்துக்குக் கடன் எதற்கு? முதலில் அந்த ஒரே முகவரியை விடுங்கள்

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்த்த 0.6 பிட்காயின் என் சொந்த வாலட்டில், ஒரே முகவரியில் இருக்கிறது. மைத்துனர் தொழிலுக்கென்று மாதாமாதம் கேட்பதையும் அதிலிருந்தே அனுப்புகிறேன். குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் போய்விடுமாம். 14% வட்டிக்கு மூன்றாண்டு தனிநபர் கடன் எடுத்து, ‘குவாண்டம் பாதுகாப்பு’ டோக்கன் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1,00,000 கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 3,418. 36 மாதத்தில் கட்டி முடிப்பது 1,23,000. டோக்கன் 23% ஏறினால்தான் போட்டதே திரும்பும். அது எதீரியம் என்ற பிளாக்செயினில் ஓடும் இஆர்சி-20 வகை டோக்கனாக இருந்தால், சாதாரணக் கணக்கில் அதைக் காப்பது எதீரியத்தின் ஈசிடிஎஸ்ஏ என்ற டிஜிட்டல் கையொப்பம்தான். நீங்கள் எதற்குப் பயந்து ஓடுகிறீர்களோ, பிட்காயினிலும் இருக்கும் அதே கையொப்ப முறை. பெயரைப் பார்த்துக் காசு போடாதீர்கள்.

உங்கள் பணத்துக்கு உண்மையான ஆபத்து மைத்துனருக்குப் பணம் அனுப்பும் விதத்தில் இருக்கிறது. ‘1’ அல்லது ‘பிசி1கியூ’ (bc1q) என்று தொடங்கும் முகவரியில் இருப்பது பொதுச் சாவியின் (கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) ஹாஷ், அதாவது திருப்பிக் கண்டுபிடிக்க முடியாத சுருக்கக் குறி, மட்டுமே. முதல்முறை செலவு செய்யும்போது பொதுச் சாவியே பிளாக்செயினில் பதிவாகிறது. அதை அழிக்க வழியில்லை. கணிதவியலாளர் ஷோர் 1994-ல் தந்த அல்காரிதம், போதிய பலமுள்ள குவாண்டம் கணினியில் ஓடினால், பொதுச் சாவியிலிருந்து, பணத்தைச் செலவு செய்ய உதவும் தனிச் சாவியை எடுத்துவிடும். ஹாஷை அப்படி உடைக்க அதனால் முடியாது. நீங்களோ மாதாமாதம் அனுப்பிவிட்டு, மீதியை அதே முகவரிக்குத் திரும்ப வாங்கியிருக்கிறீர்கள். 0.6 முழுவதும் சாவி வெளிப்பட்ட இடத்தில் கிடக்கிறது.

அவ்வளவு பலமுள்ள கணினி இன்று இல்லை. குவாண்டம் கணினியைத் தாங்க வடிவமைத்த மாற்றுக் கையொப்பங்களுக்கு அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் ஆகஸ்ட் 2024-ல் தரநிலை வெளியிட்டுவிட்டது. ஆனால் அவற்றில் ஒன்றான எம்எல்-டிஎஸ்ஏ கையொப்பம் குறைந்தது 2,420 பைட். பிட்காயினில் இப்போது இருப்பது 70 பைட் அளவு. பிளாக்கில் இடம் பற்றாது, கட்டணம் ஏறும். நெட்வொர்க் மாறத் தாமதமாகும். உங்கள் பங்கு வேலையை இந்த வாரமே முடிக்கலாம்.

ஒவ்வொரு வரவுக்கும் புது முகவரி தரும் எச்டி வாலட்டில் ‘பிசி1கியூ’ முகவரி ஒன்று எடுங்கள். ‘பிசி1பி’ (bc1p) வேண்டாம்; அந்த டாப்ரூட் வகை முகவரியில் பொதுச் சாவி தொடக்கத்திலேயே தெரியும். முதலில் சிறு தொகை அனுப்பிச் சோதியுங்கள். பிறகு பழைய முகவரியில் உள்ளது முழுவதையும் ஒரே பரிவர்த்தனையில் மாற்றுங்கள். மிச்சம் வைத்தால் அது சாவி வெளிப்பட்ட முகவரியிலேயே கிடக்கும். 40 தனித்தனி வரவுகள் கிடந்தால், பரிவர்த்தனையின் அளவு ஒன்றுக்கு 68 விபைட் (கட்டணம் கணக்கிடும் அளவு அலகு) வீதம் (‘1’ வகை என்றால் 148) மொத்தம் சுமார் 2,760. விபைட்டுக்கு 5 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) கட்டணத்தில் 13,800 சடோஷி, அதாவது 0.000138 பிட்காயின். நெரிசல் நேரத்தில் இதுவே பத்து மடங்காகும், காத்திருந்து அனுப்புங்கள்.

வாலட்டின் எக்ஸ்பப் சாவியை இருப்புக் கணக்குப் பார்க்கும் எந்தச் செயலிக்கும் கொடுக்காதீர்கள். எல்லா முகவரிகளின் பொதுச் சாவியும் அதிலிருந்து கிடைத்துவிடும். ‘குவாண்டம் அப்கிரேடு’ என்று சொல்லி வாலட்டைத் திறக்கும் மீட்புச் சொற்களைக் கேட்பவர் திருடர், யோசிக்கவே வேண்டாம்.

மைத்துனருக்குத் தர வேண்டுமென்றால், ஆறு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை முடிவு செய்து, தனி வாலட்டில் ஒதுக்குங்கள். அது தீர்ந்ததும் பெரிய இருப்பிலிருந்து எடுக்காதீர்கள்.