பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டும்போது மழைத்தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

கேள்வி: விருகம்பாக்கத்தில் 1991-இல் கட்டிய மூன்று மாடி ஃபிளாட் எங்களுடையது. 9 கிரவுண்டு, 24 வீடுகள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஒரு பில்டரிடம் பேசி வருகிறோம். "மனை முழுக்க இப்போதே சிமெண்ட் தரைதான், அதனால் புதுசாகக் கட்டினாலும் வெளியே போகும் மழைத்தண்ணீர் கூடப்போவதில்லை. சட்டப்படி சுற்றிலும் மழைநீர் சேகரிப்புக் குழி போட்டுக் கொடுத்துவிடுவோம். தெருத் தண்ணீர் உள்ளே வராதபடி மனையை நாலடி உயர்த்திவிடுவோம். கார் நிறுத்த பேஸ்மெண்ட் வரும்" என்கிறார். இது போதுமா? ஒப்பந்தத்தில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்: போதாது. அவர் சொன்னதில் குழி விஷயம் பாதி சரி. மற்றதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டால் பின்னால் நீங்கள்தான் அவதிப்படுவீர்கள்.

முதலில் அந்த "ஏற்கெனவே சிமெண்ட்" வாதம். இடித்துக் கட்டினால் அது புதுக் கட்டடம், அதற்குப் புதுத் திட்ட அனுமதி வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் காலி மனைக்குப் பொருந்துவதுபோலவே உங்கள் மனைக்கும் பொருந்தும். பழைய தரை எப்படி இருந்தது என்பதற்காக மழைநீர் சேகரிப்பில் சலுகை கிடையாது. போதாக்குறைக்கு, 2003-இல் வந்த மழைநீர் சேகரிப்புச் சட்டம் பழைய கட்டடங்களையும் விட்டுவைக்கவில்லை. உங்கள் 1991 கட்டடத்திலேயே அந்த ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். இந்த அளவுக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்பும் மெட்ரோ வாட்டர் இணைப்பும் வராது. அந்த ஆய்வில் மழைநீர் சேகரிப்பையும் பார்ப்பார்கள். ஆகவே குழி போட்டுத் தருவது பில்டர் உங்களுக்குச் செய்யும் உபகாரம் இல்லை.

(3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்கான திறந்தவெளி ஒதுக்கீடும், 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியும் உங்களுக்குப் பொருந்தாது. மனை கால்வாயை ஒட்டி இருந்தால் மட்டும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இனி கணக்கு. 9 கிரவுண்டு என்பது 21,600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக்குப் புதிதல்ல. அப்படிப் பெய்தால் உங்கள் மனையில் விழுவது 1,00,000 லிட்டர். எல்லாம் கான்கிரீட்டாக இருந்தால் அதில் 90,000 லிட்டர் உடனே ஓடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஏழெட்டை ஒரு மணி நேரத்துக்குள் தெருவில் திறந்துவிட்டதற்குச் சமம். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியதே, அதைப் போன்ற மழைக்கு ஒரு மனைக்குள் செய்யும் எந்த ஏற்பாடும் தாங்காது. நான் சொல்வது சென்னை அவ்வப்போது பார்க்கும் சாதாரணப் பெருமழையை.

இதற்கு எதிரே பில்டரின் குழிகளை வைத்துப் பாருங்கள். கட்டடத்தைச் சுற்றிப் போடும் வழக்கமான குழி ஒரு அடி விட்டம், பத்தடி ஆழம். உள்ளே உடைத்த செங்கல்லோ கூழாங்கல்லோ நிரப்பி, மேலே ஒரு சாண் மணல் போடுவார்கள். கல்லுக்கு நடுவே மிஞ்சும் வெற்றிடத்தில் ஒரு குழி 70, 80 லிட்டர்தான் பிடிக்கும். 40 குழி போட்டாலும் 3,000 லிட்டர். திருவான்மியூரிலோ சாந்தோமிலோ என்றால் மணல் தரை, விழ விழத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். விருகம்பாக்கம் பக்கம் களிமண். முதல் சில நிமிஷத்திலேயே குழி நிரம்பும், அப்புறம் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். சான்றிதழுக்கு அது போதும், மழைக்குப் போதாது.

களிமண்ணில் இரண்டு வழிதான் உருப்படியானது. ஒன்று, களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்து அதுவரை உறைக்கிணறு இறக்குவது. அஸ்திவாரத்துக்கென்று பில்டர் எப்படியும் சாயில் டெஸ்ட் எடுப்பார். அந்த அறிக்கையில் எத்தனை அடியில் என்ன மண் என்று, துளை போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், தனிச் செலவே இல்லை. உங்கள் வளாகத்தில் பழைய கிணறு இருக்கிறதா? 1991 கட்டடம் என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். வரைபடத்தில் அதன் மேல் கார் பார்க்கிங் வந்திருந்தால் மாற்றச் சொல்லிச் சண்டை போடுங்கள். மொட்டை மாடித் தண்ணீரை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விட்டால், நாற்பது குழி செய்யாததை அந்த ஒரு கிணறு செய்யும். மாடித் தண்ணீர் மட்டும்தான். கார் நிற்கும் தரையில் ஓடும் தண்ணீரில் ஆயிலும் டீசலும் கலந்திருக்கும், அதைக் கிணற்றில் விடக் கூடாது.

இன்னொரு வழி, தேக்கித் தொட்டி. மாடிப் பரப்பு 1,200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 5 செ.மீ. மழைக்கு 60,000 லிட்டர். 20 அடி நீளம், 16 அடி அகலம், ஆறரை அடி ஆழத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். புதுக் கட்டடத்தில் இது பெரிய செலவில்லை, கட்டி முடித்த பிறகு தோண்டுவதுதான் கஷ்டம். ஆனால் சம்ப் என்றதும் நம் ஆட்கள் அதை நிரப்பியே வைக்கப் பார்ப்பார்கள். ஏற்கெனவே நிரம்பி நிற்கும் தொட்டி வெள்ளத்துக்கு உதவாது. உபயோகத்துக்கு வேண்டியதைக் கீழே தனியாகக் கூட்டிக்கொண்டு, இந்த 60,000 லிட்டருக்கான மேல்பகுதி மழைக்காக எப்போதும் காலி என்று பிரித்து, அந்த மேல்பகுதியிலிருந்து ஒரு சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் மெள்ள மெள்ளத் தெரு வடிகாலுக்குப் போகும்படி வடிவமைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இதையே விதியாக்கியிருக்கிறார்கள். 2014 முதல் 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளில், இடித்துக் கட்டினாலும் சரி, பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் அளவு மழையில் மனையிலிருந்து வெளியேறும் உச்ச அளவு, வழிந்தோடும் விகிதம் (பெய்யும் மழையில் உடனே வெளியே ஓடும் பங்கு) 0.55-க்கு உரியதைத் தாண்டக் கூடாது. முழுக் கான்கிரீட் மனைக்கு இந்த விகிதம் 0.9-ஐ ஒட்டி வரும். 0.2 ஹெக்டேர் என்றால் 2,000 சதுர மீட்டர், அப்படியே உங்கள் மனை. குழியின் அளவைச் சொல்லும் விதியைவிட, வெளியேறும் தண்ணீரின் அளவைச் சொல்லும் விதிதான் எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்த மாதிரி எழுதிக்கொள்ள யாரும் தடை சொல்லப்போவதில்லை.

நாலடி உயர்த்துவது பற்றி. கட்டடத்தின் தளத்தை உயர்த்துங்கள், மனை முழுவதையும் மண் கொட்டி உயர்த்தாதீர்கள். மனையை உயர்த்தினால் உங்கள் தண்ணீர் முழுதும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள்ளும் தெருவிலும் போய் நிற்கும். அடுத்த வருஷம் பக்கத்து வீட்டையும் இடித்துக் கட்டும்போது அவர் ஐந்தடி உயர்த்துவார். சென்னையின் பழைய மழைநீர் விதிகளில், வாசல் கேட்டின் குறுக்கே ஏழரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடு கட்டச் சொல்லியிருக்கிறது. தண்ணீர் வெளியே ஓடாமல் மனைக்குள்ளேயே இறங்கட்டும் என்பதற்காக. அது இன்றைக்கும் நல்ல யோசனை. பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்பார்கள். அடியில் கான்கிரீட் போட்டு இடுக்கில் சிமெண்ட் பூசினால் ஒரு சொட்டும் இறங்காது.

என்னைக் கேட்டால் பேஸ்மெண்டே வேண்டாம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் (தரைத்தளத்தில் வீடு கட்டாமல் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துவது) 24 வீட்டுக்கும் புது வீடுகளுக்கும் கார் இடம் போதாது என்றால் வேறு வழியில்லை. அப்போது ராம்ப் நேராகத் தெருவிலிருந்து கீழே இறங்கக் கூடாது. முதலில் மேலே ஏறி ஒரு மேட்டைத் தாண்டிய பிறகே இறங்க வேண்டும். அந்த மேட்டின் உச்சி, உங்கள் தெருவில் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்த அளவைச் சொல்ல உங்களைவிட யாருக்கும் தெரியாது. பழைய சுவரில் கறை இருந்தால் இடிப்பதற்கு முன்பே அளந்து எழுதி வையுங்கள். மின் பேனலும் ஜெனரேட்டரும் பேஸ்மெண்டில் வரக் கூடாது, இல்லாவிட்டால் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கே கரண்ட் இருக்காது. பேஸ்மெண்ட் சுவர் காம்பவுண்டு வரை நீண்டால் உறைக்கிணற்றுக்கு மண்ணே மிஞ்சாது. கிணற்றை அந்தச் சுவரை ஒட்டிப் போட்டால் கசிவு பேஸ்மெண்டுக்குள் வரும்.

மாடிக் குழாயோ தரை வடிகாலோ எதுவும் கழிவுநீர் மேன்ஹோலில் சேரக் கூடாது. மழை வந்ததும் மேன்ஹோல் மூடியைத் திறந்துவிடுவது பல ஃபிளாட்டுகளில் வாட்ச்மேனின் வேலையாகவே ஆகிவிட்டது. அதன் பலன் தரைத்தள கழிவறையில் பொங்கி வரும். தெரு மழைநீர் வடிகாலின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று முதலிலேயே அளந்து பார்த்தால்தான் உங்கள் குழாய்க்கு வாட்டம் கிடைக்குமா, மோட்டார் வைக்க வேண்டுமா என்று தெரியும்.

ஒப்பந்தத்தோடு ஒரு லெவல் வரைபடத்தை இணைக்கச் சொல்லுங்கள். தெரு நடுமட்டம், வடிகால் அடிமட்டம், மனைத் தரை, ராம்ப் உச்சி, தொட்டியின் கொள்ளளவு, கிணறு இருக்குமிடம் எல்லாம் எண்ணோடு அதில் இருக்க வேண்டும். "விதிப்படி மழைநீர் சேகரிப்பு அமைக்கப்படும்" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். மண் தோண்டும் வேலை ஜனவரியில் தொடங்கி அக்டோபருக்குள் பேஸ்மெண்ட் சுவர் மேலே வந்துவிட வேண்டும் என்றும், இறைக்கும் சேற்றுத் தண்ணீரைத் தெளியவைத்த பிறகே வடிகாலில் விட வேண்டும் என்றும் எழுதுங்கள். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் உள்ள 5 ஆண்டுக் குறைபாட்டுப் பொறுப்பு உங்கள் பழைய வீட்டுக்காரர்களின் பங்குக்கும் உண்டு என்று தனியாகக் குறிப்பிட வேண்டும்.

சாவி வாங்குவதற்கு முன் ஒரு லாரித் தண்ணீரை மொட்டை மாடிக் குழாய் வழியாக விட்டுப் பாருங்கள். வடிகட்டித் தொட்டி வழியாமல் கிணற்றுக்குப் போகிறதா, கிணற்று மட்டம் மறுநாள் காலைக்குள் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். அளவை அசோசியேஷன் நோட்டில் எழுதி, பில்டரின் என்ஜினியரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.